குட்டிக்குக் கழிச்சலா? ஊசியை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

வெண்பன்றிப் பண்ணை வைக்க யோசிப்பவர்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கேட்பார்கள். கொட்டகைக்கு எவ்வளவு ஆகும், நல்ல குட்டி எங்கே கிடைக்கும், அப்புறம் "என்னென்ன மருந்து வாங்கி வைக்கணும்ணே?" முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நானும் அதே கேள்வியோடு வந்தவன்தான். எனக்குக் கிடைத்த பதில், "என்ரோ ஒரு பாட்டில், ஓடிசி ஒரு பாட்டில் எப்பவும் கையில வச்சுக்க." என்ரோஃப்ளாக்சசின், ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற இரண்டு ஆண்டிபயாடிக்குகளின் சுருக்கப் பெயர்கள் அவை. அந்தப் பேச்சைக் கேட்டதற்கு என்ன விலை என்று தெரிய மூன்று வருடம் ஆனது.

முதல் வருடம் குட்டிகளுக்குக் கழிச்சல் வந்தால் என்ரோஃப்ளாக்சசின் ஊசி போடுவேன், மறுநாளே நிற்கும். இரண்டாம் வருடம் மூன்று நாள் போட வேண்டியிருந்தது. மூன்றாம் வருடம், தாயிடமிருந்து பிரித்த ஒன்பது குட்டிகளில் ஏழுக்குக் கழிச்சல். ஐந்து நாள் ஊசி போட்டும் நான்கு செத்துப்போயின. நடுவில் "இது வேலைக்காகாது" என்று விலை கூடிய வேறொரு மருந்துக்கு மாறியிருந்தேன். அதன் அட்டையைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று படித்தது நான்காவது குட்டியைப் புதைத்த பிறகு. அதுவும் என்ரோஃப்ளாக்சசின்தான். கம்பெனிப் பெயர் மட்டும் வேறு.

மீதிக் குட்டிகளின் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து டாக்டர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவை நேரில் போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தட்டு, அதில் வெளிர் மஞ்சள் ஜெல்லி. அதன் மேல் என் குட்டிகளின் வயிற்றிலிருந்து வந்த ஈ.கோலை கிருமி, பாலில் ஆடை படிந்த மாதிரி சீராகப் பரவியிருந்தது. இடையிடையே ஸ்டிக்கர் பொட்டு அளவில் வெள்ளைக் காகித வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழும். ஜென்டாமைசினைச் சுற்றி அப்படி ஒரு வட்டம் இருந்தது. என்ரோஃப்ளாக்சசின் வில்லையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே கிருமி வளர்ந்திருந்தது. ஆக்சிடெட்ராசைக்ளினிலும் அதே கதை. நான் எப்போதும் கையில் வைத்திருந்த அதே இரண்டு பாட்டில்.

பழகிப்போவது பன்றி அல்ல

"பன்றிக்கு மருந்து பழகிப்போச்சு" என்று சொல்வார்கள். பன்றிக்கு எதுவும் பழகவில்லை. அதன் குடலில் கோடிக்கணக்கில் இருக்கும் கிருமிகளில் ஒன்றிரண்டு, மருந்தை உடைக்கவோ, உள்ளே வந்ததை வெளியே தள்ளவோ தெரிந்தவையாக இருக்கும். மருந்து போட்டால் மற்றவை சாகும், இவை மிஞ்சும். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும் என்பதால் காலி இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அந்தத் திறமையை எழுதி வைத்த மரபணுத் துண்டை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்க முடியும். இரண்டும் ஒரே சாதியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பன்றிக் குடலில் நடந்த கைமாற்றம் சாணம் வழியாகவும் கறி வழியாகவும் நம் கை வழியாகவும் மனிதக் குடலுக்கு வந்து சேரும்.

சீனாவில் இது கண்முன்னே நடந்தது. கொலிஸ்டின் என்ற மருந்தை அங்கே பன்றித் தீவனத்தில் எடை கூடுவதற்காக டன் கணக்கில் கலந்தார்கள். மருத்துவமனைகளில் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக எடுக்கும் மருந்தும் அதேதான். கொலிஸ்டினுக்கு அடங்காமல் இருக்க வைக்கும், கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்ததாக 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இறைச்சிக் கூடத்தில் பார்த்த 804 பன்றிகளில் 166இல் அது இருந்தது. மருத்துவமனையில் பார்த்த 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் இருந்தது. 2017 ஏப்ரல் முடிவோடு தீவனத்தில் கலப்பதைச் சீனா நிறுத்தியது. அதன் பிறகு நாடு முழுக்கப் பன்றிகளைச் சோதித்தபோது, கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலை 34 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி எண்தான். நிறுத்தினால் இறங்குகிறது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

குட்டி வாங்கும் முன்

முதலில் மருந்து வாங்காதீர்கள், டாக்டரைப் பிடியுங்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டர் பன்றி பார்ப்பாரா என்று நேரில் கேளுங்கள். மாடு, ஆடு அளவுக்கு எல்லோரும் பன்றி பார்ப்பதில்லை. மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு எங்கே இருக்கிறது, பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரி (நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று பல இருக்கின்றன), மாதிரியை எந்த நாளில் வாங்குவார்கள், இதெல்லாம் நோட்டில் இருக்கட்டும். குட்டி கழிந்துகொண்டிருக்கும்போது இதையெல்லாம் தேட நேரம் இருக்காது.

விற்பவரிடம் "கடைசியாக என்ன ஊசி போட்டீர்கள்?" என்று கேளுங்கள். "எதுவுமே போடலைங்க" என்று சொன்னால் மருந்துப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக வந்த பன்றிகளைக் குறைந்தது 30 நாள் தனிக் கொட்டகையில் வையுங்கள். வாளி, விளக்குமாறு, செருப்பு எல்லாம் தனி. நோய் வெளியில் தெரியும். மருந்துக்கு அடங்காத கிருமி தெரியாது, கொழுகொழுவென்று இருக்கும் கிடாப்பன்றியின் குடலிலேயே வந்து இறங்கும்.

பிறந்த முதல் நாள்

பன்றிக்குட்டி நோய் எதிர்ப்பு எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது. தாயின் எதிர்ப்பாற்றல் வயிற்றுக்குள் குட்டிக்குக் கடப்பதில்லை, அத்தனையும் சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சும் திறன் குட்டியின் குடலில் ஒரு நாளுக்குள் மூடிக்கொள்ளும். முதல் ஆறு மணி நேரம்தான் பொன்னானது. எனவே ஈற்றின்போது பக்கத்தில் இருங்கள். நோஞ்சான் குட்டிகளை எடுத்து முன்காம்பில் வையுங்கள். குட்டி படுக்கும் மூலை 32 முதல் 34 டிகிரி சூடாக இருக்க வேண்டும். ஒரு பல்பும் காய்ந்த வைக்கோலும் போதும். மூன்றாம் நாளில் இரும்புச்சத்து ஊசி. நான் பயமில்லாமல் எல்லாக் குட்டிக்கும் போடும் ஊசி இது ஒன்றுதான்.

பால் மறக்கும் வாரம்

பண்ணையில் ஆண்டிபயாடிக் பாட்டில் திறக்கப்படுவது பெரும்பாலும் இந்த வாரத்தில்தான். இந்தப் பத்து நாளை ஒழுங்காகக் கடத்திவிட்டால் வருடத்தின் மருந்துச் செலவில் பெரும்பகுதி மிச்சம். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தாய்ப்பால் குடிக்கும் வரை குட்டியின் குடல் சுவரில் தாயின் எதிர்ப்புப் பொருள் பூச்சு போல ஒட்டியிருக்கும். பால் நின்ற அன்று அது நின்றுபோகிறது. தாயைக் காணாத ஏக்கத்தில் குட்டி ஒரு நாள் சாப்பிடாது. அந்தப் பட்டினியில் குடலின் உறிஞ்சும் முனைகள் சுருங்கிவிடும். மறுநாள் பசியில் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காத புரதம் பின்குடலுக்குப் போகும், அது ஈ.கோலைக்கு விருந்து. மயிரிழை போன்ற கொக்கிகளால் குடலைப் பிடித்துக்கொண்டு அது விஷத்தைச் சுரக்க, குட்டியின் உடம்புத் தண்ணீர் எல்லாம் பின்பக்கமாகப் போகும். பிரித்த மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வரும் கழிச்சலின் கதை பெரும்பாலும் இதுதான்.

தடுக்கும் வழியும் இதே கதைக்குள் இருக்கிறது. சீக்கிரம் பிரிக்காதீர்கள். ஐரோப்பாவில் 28 நாள் என்பது சட்டம் வைத்த குறைந்தபட்சம். அங்கே இருக்கும் சூடேற்றிய கொட்டகையும் பால்பொடித் தீவனமும் நம்மிடம் இல்லை. ஆறு வாரத்துக்கு முன் நான் பிரிப்பதில்லை. தாய் சீக்கிரம் பருவத்துக்கு வரட்டும் என்று 30 நாளில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தாய் பருவத்துக்கு வந்தது, குட்டிதான் நிற்கவில்லை.

பிறந்த பத்தாம் நாளிலிருந்தே தட்டில் ஒரு கைப்பிடி குட்டித் தீவனம் வையுங்கள். மோந்து பார்க்கட்டும், சிந்தட்டும், வயிறு பழகட்டும். பிரிக்கும் நாளில் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் தாயை வெளியே கொண்டு போங்கள். குட்டி அதே தரையில், அதே வாசனையில், அதே கூட்டாளிகளோடு ஒரு வாரம் இருக்கட்டும். வேறு ஈற்றுக் குட்டிகளை அதில் விடாதீர்கள், சண்டை போட்டே வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும். தீவனத்தை மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். மார்கழிக் குளிரில் இரவில் பல்பு எரியட்டும். குடற்புழு மருந்து, தடுப்பூசி, விதையடிப்பு எதையும் இந்த வாரத்தில் வைக்காதீர்கள்.

தீவனக் கடையில் "பால் மறக்கும்போது ஜிங்க் கலந்து கொடுங்க, கழிச்சலே வராது" என்பார்கள். உண்மைதான், ஜிங்க் ஆக்சைடு அதிக அளவில் கழிச்சலைக் கட்டுப்படுத்தும். ஆனால் ஜிங்கைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல கிருமிகளில் ஒன்றாகவே பயணிக்கின்றன. ஒன்றைக் கொடுத்தால் இரண்டும் வளரும். சாணம் போகும் மண்ணிலும் ஜிங்க் தேங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் இதை மருந்து அளவில் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

ஹோட்டல் மிச்சமும் கோழிக்கடைக் கழிவும் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோழிக்கழிவில் கோழிப்பண்ணையில் மருந்து பார்த்து வந்த கிருமிகளும் சேர்ந்து வரும். கொதி வந்த பிறகும் அரை மணி நேரம் வேகவிடுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமியும் சூட்டுக்குச் செத்துவிடும். 2020இல் அசாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் தொடங்கிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தள்ளி வைக்கவும் இந்த அரை மணி நேரம் வேண்டும். அது வைரஸ், அதைக் குணப்படுத்தும் மருந்தே கிடையாது.

கழிச்சல் வந்துவிட்டால்

வால் அடி நனைந்திருக்கிறது என்று காலையில் பார்த்தீர்கள். முதலில் தெர்மாமீட்டர். 39.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு, 40.5ஐத் தாண்டினால் காய்ச்சல். பிறகு வயதைப் பாருங்கள். பிறந்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் மஞ்சளாக, களிம்பு மாதிரி கழிந்தால் பெரும்பாலும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. அது பாக்டீரியாவே இல்லை, வழக்கமான ஆண்டிபயாடிக் ஊசி அதை ஒன்றும் செய்யாது. தீவனம் மாற்றிய மறுநாள் கழிந்தால் பழைய தீவனத்துக்குத் திரும்புங்கள்.

ஒன்றிரண்டு குட்டிதான், காய்ச்சல் இல்லை, எழுந்து நடக்கிறது என்றால் தனியாகப் பிரித்து, காய்ந்த படுக்கையும் சூடும் கொடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓஆர்எஸ் பொட்டலம் கரைத்து வையுங்கள். தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். கழிச்சலில் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் இழப்புதான். கூட்டமாகக் கழிந்தாலும், காய்ச்சல் இருந்தாலும், ஒரு குட்டி படுத்துவிட்டாலும் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே டாக்டருக்குப் போன் போடுங்கள். மருந்தே கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நோயில் துடிக்கும் குட்டிக்கு மருந்து மறுப்பதும் தப்புதான்.

ஊசிக்கு முன் மாதிரி எடுக்க வேண்டும், பின்னால் எடுத்தால் பயனில்லை. அன்றுதான் கழியத் தொடங்கிய, இன்னும் மருந்து படாத நான்கைந்து குட்டிகளிடம் டாக்டர் எடுப்பார். தரையில் கிடக்கும் சாணத்தை வழித்து அனுப்பாதீர்கள், அதில் ஊர்க் கிருமியெல்லாம் இருக்கும். குழாயில் தேதி, கொட்டில் எண், குட்டியின் வயது எழுதி, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே சேர்க்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை என்ன கொடுப்பது என்பதை டாக்டர் உங்கள் பழைய முடிவுகளை வைத்து முடிவு செய்வார். அதனால்தான் பழைய தாள்களைப் பத்திரப்படுத்தச் சொல்வது.

ஊசி போடுவது என்று ஆனால்

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர், அதைப் பார்க்காதீர்கள். சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை நோட்டில் எழுதுங்கள். ஒரே குடும்பத்து மருந்துகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்ரோஃப்ளாக்சசினை எதிர்த்து நிற்கும் கிருமி பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசினையும் எதிர்த்து நிற்கும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நாம் எப்போதும் குறைத்துத்தான் சொல்வோம், அரைகுறை அளவு போட்டால் பாதிக் கிருமி தப்பித்துப் பாடம் படித்துவிடும். தராசு இல்லாவிட்டால் தையல்காரர் டேப் போதும். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை மீட்டரில் எடுங்கள். அதை அதாலேயே பெருக்கி, காதுகளின் நடுவிலிருந்து வால் அடி வரையுள்ள நீளத்தால் பெருக்கி, வந்ததை 69.3ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 0.90, நீளம் 0.95 என்றால் சுமார் 53 கிலோ.

ஊசி கழுத்தில், காதுக்குப் பின்னால். தொடையில் போட்டால் கறியில் கட்டி நிற்கும். டாக்டர் மூன்று நாள் என்றால் மூன்று நாள். கழிச்சல் நின்றது என்று நீங்களாக முதல் நாளோடு நிறுத்தாதீர்கள், நிற்கவில்லை என்று ஆறு நாள் இழுக்கவும் செய்யாதீர்கள். இரண்டு நாளில் திருப்பமே இல்லையென்றால் மறுபடி போன்தான்.

தீவனத்தில் மருந்து கலக்கும் யோசனை வேண்டாம். நோயுற்ற குட்டி தின்னாது, அதற்கு மருந்து போகாது. நன்றாக இருக்கும் குட்டி வயிறு நிறையத் தின்று, தேவையில்லாமல் மருந்தை வாங்கிக்கொள்ளும். இந்தியாவில் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் தீவனத்துக்கும் விற்கக்கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டுவிட்டது. பழைய சரக்கை யாராவது மலிவாகத் தள்ளப் பார்த்தால் வாங்காதீர்கள். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஊசிகளை, அதாவது செஃப்ட்ரியாக்சோன், செஃப்டியோஃபர் மாதிரியானவற்றை, ஆய்வக முடிவு கையில் இல்லாமல் கேட்டு வாங்காதீர்கள். மனிதர்களின் உயிர் காக்க உலகச் சுகாதார நிறுவனம் தனியாகக் குறித்து வைத்திருக்கும் மருந்துகளில் அந்தக் குடும்பமும் ஒன்று, என்ரோவின் குடும்பமும் ஒன்று.

நோட்டு, சாணம், உங்கள் மூக்கு

இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்டுப் புத்தகம் போதும். தேதி, கொட்டில், எத்தனை குட்டி, எடை, மருந்துப் பெயர், அளவு, எத்தனை நாள், பலன் என்ன, எந்தத் தேதிக்குப் பிறகு கறிக்கு விற்கலாம். கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். மருந்து உடம்பை விட்டுப் போகும் வரையிலான விலக்கு நாள்கள் அட்டையில் இருக்கும். தனியாக ஆய்வு செய்து நிர்ணயிக்காத மருந்துக்கு, நம் நாட்டு விதிப்படி இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள். கறிக்கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார். கேட்காததால் விற்றுவிடலாம் என்பது உங்களுக்கும் எனக்கும் தோன்றாமல் இருக்காது. அதனால்தான் தேதியைச் சிவப்பு மையில் எழுதச் சொல்கிறேன்.

கொட்டில் காலியானதும் முதலில் சாணத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, அலசி, காயவிட்டு, அதற்கு மேல்தான் கிருமிநாசினி. சாணத்தின் மேல் ஊற்றும் கிருமிநாசினி வீண். பிறகு இரண்டு நாள் வெயில். வழித்த சாணத்தைக் குவித்து மூடி, உள்ளே கை வைக்க முடியாத சூடு, 55 டிகிரிக்கு மேல், வரும்படி கிளறி மக்கவிடுங்கள். பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்திக்கோ குளத்துக்கோ விடாதீர்கள். பன்றிக்குக் கொடுத்த மருந்தில் ஒரு பகுதி அப்படியே அதில் இருக்கும்.

வேலையைச் சின்னக் குட்டியிலிருந்து பெரியதற்கும், கடைசியாக நோய்க் கொட்டிலுக்கும் என்ற வரிசையில் செய்யுங்கள். வெளியே வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் போன், டீ, பீடி எல்லாம்.

2004இல் நெதர்லாந்தில் அறுவை சிகிச்சைக்கு வந்த ஆறு மாதப் பெண் குழந்தையிடம் மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி கிடைத்தது. அந்த வகை அங்கே பழக்கமில்லாதது. துருவிப் பார்த்தபோது குடும்பம் பன்றி வளர்க்கும் குடும்பம். அப்புறம் அங்கே பன்றிப் பண்ணையாளர்கள் மருத்துவமனையில் சேர்ந்தால் முதலில் தனி அறை, மூக்கில் சோதனை என்று நடைமுறையே வந்துவிட்டது. நம்மூரில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களேதான் சொல்ல வேண்டும். போன வருடம் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனபோது, "பன்றிப் பண்ணை வச்சிருக்கேன் சார்" என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு ஒரு பஞ்சுக்குச்சி கொண்டுவரச் சொன்னார்.